ஆய்வகத்தில் ஓர் இருக்கை



உயர்கல்வியில் தலித் பெண்களின் அனுபவம் என்பது பரந்த பொருள். எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போவதைவிட ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறேன். தலித் பெண் கல்லூரிக்குள் நுழைவதைப் பற்றித் தமிழ்நாடு நூறு ஆண்டுகளாகப் பேசியிருக்கிறது. பேசியதோடு நிற்காமல் செய்தும் காட்டியிருக்கிறது. நுழைந்த பிறகு அவள் எங்கே உட்காருகிறாள், யாரிடம் கேட்டுக் கற்கிறாள், அவமானப்பட்டால் யாரிடம் போய்ச் சொல்கிறாள் என்பதைப் பற்றி நாம் பேசியது மிகக் கொஞ்சம். இன்றைக்கு அதைப் பேசுகிறேன்.

நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே, குமுளிக்கு அப்பால், மலைச்சரிவெல்லாம் முடிந்து நிலம் கடலைத் தொடுகிற இடத்தில் எர்ணாகுளம் இருக்கிறது. அங்கே மகாராஜா கல்லூரியில் 1930களில் ஒரு பெண் வேதியியல் படித்தார். பெயர் தாட்சாயணி. 1912இல் கொச்சியை ஒட்டிய முளவுகாடு தீவில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர். கொச்சி அரசின் உதவித்தொகையில் படித்து 1935இல் பட்டம் பெற்றார். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் அவர்தான். பிறகு ஆசிரியர் ஆனார். கொச்சி சட்டமன்றத்துக்குப் போனார். 1946இல், முப்பத்து நான்கு வயதில், அரசமைப்பு நிர்ணய சபையில் உட்கார்ந்தார். அந்தச் சபையில் இருந்த ஒரே தலித் பெண் தாட்சாயணி வேலாயுதன்.

அவருடைய கல்லூரிக் காலத்தைப் பற்றி ஒரு செய்தி உண்டு. ஆய்வகத்தில் சோதனைகளை அவருக்குச் செய்து காட்ட ஆதிக்கசாதி ஆசிரியர் மறுத்தார். மற்ற மாணவர்களுக்குச் செய்து காட்டும்போது எட்ட நின்று பார்த்துத்தான் அவர் கற்றுக்கொண்டார். தாட்சாயணியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவருடைய மன உறுதிக்குச் சான்றாக இதைச் சொல்லிவிட்டு, அரசமைப்பு நிர்ணய சபைக்குப் போய்விடுகிறார்கள். நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவள். என்னால் அப்படிக் கடந்து போக முடியவில்லை. எட்ட நின்று ஒருவர் வேதியியலை எப்படிக் கற்க முடியும்? பருமனறி பகுப்பாய்வில் கூம்புக் குடுவையை வலது கையால் சுழற்றிக்கொண்டே இடது கையால் பியூரெட்டின் திருகைத் திறக்க வேண்டும். கடைசி ஒரு சொட்டில் நிறம் மாறும். அந்தச் சொட்டோடு கை நிற்க வேண்டும். முதல் வாரத்தில் எந்த மாணவியின் கையும் நிற்காது. பக்கத்தில் நின்று, ‘கொஞ்சம் மெதுவா விடும்மா’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். உப்புச் சோதனையில் வீழ்படிவு வெள்ளையா, மங்கிய மஞ்சளா என்று சோதனைக் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அந்தப் பெண்ணுக்கு அறிவு குறைவில்லை, அனுமதிச் சீட்டும் இருந்தது, கட்டணமும் கட்டப்பட்டிருந்தது. மற்றவர்களுக்கு இயல்பாகக் கிடைத்த அந்த ஓரடி நெருக்கம் மட்டும் அவருக்கு மறுக்கப்பட்டது.

குமுளியிலிருந்து மலை இறங்குகிற இன்னொரு சாலை கோட்டயத்துக்குப் போகிறது. அங்கே மகாத்மா காந்தி பல்கலைக்கழகம். 2021 அக்டோபர் 29ஆம் தேதி, அந்தப் பல்கலைக்கழகத்தின் முன்னால் தீபா பி. மோகனன் என்ற ஆராய்ச்சி மாணவி உண்ணாவிரதம் உட்கார்ந்தார். தலித் பெண். நானோ அறிவியல் படிக்க 2011இல் எம்.ஃபில். சேர்ந்தவர். அவர் சொன்ன குறைகளைக் கேளுங்கள்: ஆய்வகத்துக்குள் விடவில்லை, உட்கார இருக்கை தரவில்லை, உதவித்தொகையைத் தடுத்தார்கள், ஆய்வகத்தில் வைத்துப் பூட்டினார்கள். புகார் புதிதாக வந்தது அல்ல. பல்கலைக்கழகமே 2015இல் விசாரித்து, அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று கண்டிருந்தது. அதற்குப் பிறகும் ஆண்டுகள் ஓடின. பதினொரு நாள் பட்டினி கிடந்த பிறகு, நவம்பர் 8ஆம் தேதி, அவர் படித்த நானோ அறிவியல் மையத்தின் இயக்குநர் பொறுப்பிலிருந்து அவர் குற்றம் சாட்டிய பேராசிரியரைப் பல்கலைக்கழகம் விலக்கியது. ஆய்வை முடிக்க வேண்டிய வசதிகளைச் செய்து தருவதாகவும் ஒப்புக்கொண்டது.

1935இல் எர்ணாகுளத்தில் ஓர் ஆய்வகம். 2021இல் கோட்டயத்தில் ஓர் ஆய்வகம். இடையில் எண்பத்தாறு ஆண்டுகள். நாடு விடுதலை பெற்றது. தீண்டாமையை ஒழித்து 17ஆவது சட்டப்பிரிவு வந்தது. தாட்சாயணியும் உட்கார்ந்திருந்த சபை எழுதிய பிரிவு அது. இட ஒதுக்கீடு வந்தது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது, எழுத்தறிவில் கேரளம் நாட்டுக்கே முன்னால் நின்றது. இவ்வளவுக்கும் பிறகு ஒரு பெண் கேட்ட கோரிக்கை, ஆய்வகத்தில் உட்கார ஓர் இருக்கை. கேரளத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தீபா மோகனன் பெயர் சொல்லிப் புகார் கொடுத்தார், பல ஆண்டுகள் விடாமல் நின்றார், அதனால் நமக்குத் தெரிகிறது. மலைக்கு இந்தப் பக்கத்தில் எத்தனை பேர் சொல்லாமல் டி.சி. வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பதற்கு எந்தப் பதிவேடும் கிடையாது.

ஏன் இரண்டு முறையும் ஆய்வகம்? வகுப்பறையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும் பாடம் காதில் விழும். நூலகப் புத்தகம், யார் தொட்டாலும் திறக்கும். ஆய்வகத்தில் அப்படி இல்லை. அங்கே கருவியை யார் எப்போது தொடலாம் என்று ஒருவர் முடிவு செய்கிறார். ரசாயனத்துக்கு ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். முனைவர் பட்ட ஆய்வில் இது இன்னும் கூடுதல். தேசிய உதவித்தொகை வாங்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் பணம் வர வேண்டுமானால், இவர் ஒழுங்காக ஆய்வு செய்கிறார் என்று நெறியாளர் ஒப்பம் இட வேண்டும். கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும், எந்த மாநாட்டுக்கு யார் போவார், ஆய்வேட்டைப் படித்துத் திருப்பித் தர எத்தனை மாதம் ஆகும், எல்லாமே ஒரு மனிதரின் விருப்பத்தில் இருக்கிறது. விதி எங்கே முடிந்து ஒருவரின் தயவு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் சாதி உட்கார்ந்திருக்கிறது. சேர்க்கைக் கவுண்டரில் அதற்கு இப்போது இடமில்லை. அங்கே பட்டியல் இருக்கிறது, வரிசை எண் இருக்கிறது, வழக்குப் போடலாம். இளநிலைப் படிப்பில் நாம் ‘இன்டர்னல்’ என்று சொல்கிற அக மதிப்பெண்ணில் இருக்கிறது, செய்முறைத் தேர்வில் இருக்கிறது, விடுதியில் அறை ஒதுக்குவதில் இருக்கிறது, ‘இந்தப் பொண்ணுக்கு எதுக்கு பிஎச்.டி.’ என்று ஆசிரியர் ஓய்வறையில் சொல்கிற ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருகிறேன்.

உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956இல் வந்தது. பெண்களுக்கென்று பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரி 1971இல் வந்தது. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984இல் கொடைக்கானலில் வந்தது. தேனி தனி மாவட்டமான பிறகு 2004இல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. கம்பத்திலும் போடியிலும் வீரபாண்டியிலும் ஆண்டிபட்டியிலும் இப்போது கல்லூரிகள் இருக்கின்றன. இந்தக் கல்லூரிகளுக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பியவர்கள் யார் என்று பாருங்கள். விடியும் முன்பே எழுந்து, தூக்குவாளியில் சோற்றைப் போட்டுக்கொண்டு, கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் நெருக்கியடித்துப் போகிற பெண்கள். திராட்சைப் பந்தலுக்கும் வாழைத் தோப்புக்கும் கூலிக்குப் போகிற பெண்கள். மேகமலையில், மணலாறிலும் இரவங்கலாறிலும், லயத்து வீட்டில் இருந்துகொண்டு கொழுந்து பறித்த பெண்கள். இவர்களில் பெரும்பகுதி தலித் பெண்கள். என் அம்மாவும் ஜீப்பில் போனவர்தான். மேகமலையில் இருக்கிற பிள்ளைக்குக் கல்லூரி என்றால் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே இருக்கிறது. தினமும் வந்து போவது நடக்காது. விடுதியில் சேர வேண்டும், அல்லது கீழே ஓர் உறவினர் வீட்டில் ஒண்ட வேண்டும். ஒண்டியிருக்கிற வீட்டில் படிக்கிற பெண்ணுக்குப் படிப்பைத் தவிர எல்லா வேலையும் இருக்கும்.

இவ்வளவையும் தாண்டி அவர்கள் வந்துவிட்டார்கள். 2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உயர்கல்வியில் இருக்கும் பெண்கள் சுமார் 2.07 கோடி. அவர்களில் 31.71 லட்சம் பேர் பட்டியல் சாதிப் பெண்கள். தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும், அருந்ததியருக்கு 2009இல் கொடுத்த மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடும், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் இதில் பங்கு கொண்டவை. அருந்ததியர் உள் ஒதுக்கீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தலித் என்ற பொதுப் பெயருக்குள்ளேயே கடைசியில் நின்ற சமூகத்தின் பெண்கள் பொறியியல் கல்லூரிக்குள் வர அது வழி திறந்தது. 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, இப்படி உள் ஒதுக்கீடு தருவது செல்லும் என்று தீர்ப்பளித்தது. தேனி மாவட்டத்தில் இதன் பொருள் என்ன என்று தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளில் போய்க் கேட்டால் சொல்வார்கள்.

உள்ளே வந்த பிறகு என்ன நடக்கிறது?

இதே மலையின் கிழக்குச் சரிவில், வத்திராயிருப்புப் பக்கம், புதுப்பட்டி என்ற ஊர் இருக்கிறது. எழுத்தாளர் பாமாவின் ஊர். 1992இல் வந்த அவருடைய ‘கருக்கு’ நூலில் இரண்டு இடங்களை இந்த மாணவிகள் கட்டாயம் படிக்க வேண்டும். ஒன்று, தலித் மாணவர்களுக்கு அரசு தனிப் பயிற்சி தருகிறது, அந்த மாணவிகள் எழுந்து நில்லுங்கள் என்று வகுப்பில் ஆசிரியர் சொல்கிற இடம். அந்த நொடி வரைக்கும் எல்லோரோடும் எல்லோராக உட்கார்ந்திருந்தவர் எழுந்து நிற்கிறார். சுற்றியிருக்கும் முகங்கள் மாறுகின்றன. எனக்கு உங்கள் பயிற்சி வேண்டாம் என்று அவர் சொல்லிவிடுகிறார். இன்னொன்று, கல்லூரியின் கடைசி ஆண்டு விருந்து நாள். எல்லோரும் பட்டுடுத்தி வருகிறார்கள். அவரிடம் உடுத்த நல்ல சேலை இல்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

முதல் இடத்தில் அவரை எழுப்பி நிறுத்தியது சாதி. இரண்டாவது இடத்தில்? ஆண் பிள்ளையாக இருந்தால் இருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நின்றிருப்பான். வறுமை எல்லாச் சாதியிலும் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. ஆனால் ஒரு கல்லூரிப் பெண்ணின் உடை எப்படி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, அவளுடைய சாதி என்ன என்ற கேள்வி, அவள் வீட்டுக் காசு ஆகிய மூன்றும் சேர்ந்து அந்தக் கதவைச் சாத்தின. எந்த ஒன்றையும் தனியாக எடுத்துக் காட்டி இதனால்தான் என்று சொல்ல முடியாது.

எழுந்து நிற்கச் சொல்வது இன்றைக்கும் நிற்கவில்லை. ஸ்காலர்ஷிப் படிவம் வந்திருக்கிறது, எஸ்.சி. பிள்ளைகள் அலுவலகத்துக்கு வாருங்கள் என்று வகுப்பின் நடுவில் வந்து சொல்கிற பழக்கம் இருக்கிறது. இப்போது அது வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு நகர்ந்திருக்கிறது. பெயர்ப் பட்டியலைச் சாதியோடு படமெடுத்துப் போடுகிறார்கள். அனுப்புகிற எழுத்தருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. வேலை முடிந்தால் போதும் என்று நினைப்பார். பெறுகிற பெண்ணுக்கு அன்றிலிருந்து பக்கத்து இருக்கைக்காரியின் பேச்சு மாறிவிடும். அந்தப் பேச்சின் சாரம் எங்கள் காலத்திலும் இதுதான்: கோட்டாவில் வந்தவள். அதோடு நின்றால்கூடத் தாங்கிக்கொள்வாள். பெண் என்பதால் இன்னொன்றும் சேரும். அவள் ஒரு பையனோடு பேசினால் நடத்தையைப் பற்றிய பேச்சு வரும். மற்றப் பெண்கள் பேசினால் நட்பு என்று விடுகிறவர்கள், இவள் பேசினால் அவளுடைய சாதியைச் சொல்லி ‘அவங்க அப்படித்தான்’ என்பார்கள். நல்ல மதிப்பெண் வாங்கினால் அதற்கும் ஒரு காரணம் கற்பிப்பார்கள். தலித் ஆணிடம் திறமையைத்தான் சந்தேகிப்பார்கள். ஆதிக்கசாதிப் பெண்ணிடம் நடத்தையைச் சந்தேகித்தால் அவளுக்காகக் கோபப்பட ஒரு குடும்பமும் ஒரு தெருவும் இருக்கும். தலித் பெண்ணிடம் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சந்தேகிக்கிறார்கள். அவளுக்காகக் கோபப்படுகிறவர்கள் அன்றைய கூலி வேலையில் இருக்கிறார்கள்.

வீட்டில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் படிப்பு நிற்கும். 1989இல் போடியில் நடந்த சாதிக் கலவரம் இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஊரில் பதற்றம் வந்தால் முதலில் நிற்பது பெண்பிள்ளையின் பஸ் பயணம். கலவரம் எல்லாம் வேண்டாம், பேருந்தில் ஒருவன் சீண்டினான் என்று சொன்னாலே போதும். ‘படிச்சது போதும், மாப்பிள்ளை பார்க்கலாம்’ என்று வந்துவிடும். இந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை நான் பழிக்கவில்லை. ஆனால் நம் வீடுகளுக்குள்ளும் பெண்ணை அடக்குகிற கை இருக்கிறது என்பதை மறைக்கவும் மாட்டேன். பாமாவே ‘கருக்கு’க்கு அடுத்து, 1994இல், ‘சங்கதி’யில் அதை எழுதினார். வெளியே சாதியிடமும் உள்ளே ஆணிடமும் அடி வாங்குகிற பெண்களின் பேச்சு அந்த நூல். இயக்கத்துக்கு இழுக்கு வரும் என்று அவர் தயங்கவில்லை.

சரி, வீட்டில் சொல்ல முடியாதவள் நிறுவனத்தில் சொல்லட்டும். அங்கே என்ன இருக்கிறது? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்பு மையமும், பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்க ஓர் அலுவலரும் இருக்க வேண்டும். புகாரை அறுபது நாளில் முடிக்க வேண்டும். பாலியல் துன்புறுத்தலுக்கு 2013 சட்டமும் 2015 ஒழுங்குமுறையும் சொல்கிறபடி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தொண்ணூறு நாளில் விசாரணை முடிய வேண்டும். தாளில் நல்ல ஏற்பாடுதான். இரண்டு அறை, இரண்டு குழு, இரண்டு படிவம்.

ஒரு மாணவி வருகிறாள். அவளுடைய சாதியைச் சொல்லி, அதையே காரணமாக்கி, பாலியல் நோக்கத்தோடு ஒருவர் பேசியிருக்கிறார். எந்த அறைக்குப் போவாள்? உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போனால், சாதியைப் பற்றிச் சொன்னதை விடும்மா, தொட்டாரா இல்லையா என்று கேட்பார்கள். மற்ற அலுவலரிடம் போனால், இது பெண்கள் விஷயம், அந்தக் கமிட்டிக்குப் போ என்பார். அவள் தன் அனுபவத்தை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு அறையிலும் ஒரு பாதியைக் கொடுக்க வேண்டும். வெட்டிய பிறகு இரண்டு பாதிக்கும் உயிர் இருக்காது. சாதி இல்லாமல் சொன்னால் ஏதோ ஓர் அற்பமான கேலி. பாலியல் இல்லாமல் சொன்னால் ஏதோ ஒரு வாய்த் தகராறு. இரண்டு குழுவும் போதிய ஆதாரம் இல்லை என்று கோப்பை மூடிவிடும்.

உலகத்தில் இதற்கு முன்னோடி வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் ஐந்து பேர் வழக்குத் தொடுத்தார்கள். 1964க்கு முன்பு அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவே இல்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியில் சேர்ந்தவர்கள் முதலில் வெளியேற வேண்டும் என்ற விதியில், 1970க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் எல்லோரும் வெளியே போனார்கள். 1976இல் நீதிமன்றம் என்ன சொன்னது? நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, கறுப்பினத்தவரையும் எடுத்திருக்கிறது, இனப் பாகுபாடு என்று வாதிடுங்கள் அல்லது பெண் பாகுபாடு என்று வாதிடுங்கள், இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒன்றை உண்டாக்க முடியாது என்றது. எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர்கள். எடுக்கப்பட்ட கறுப்பினத்தவர் ஆண்கள். கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்ட அறிஞர் 1989இல் இந்தத் தீர்ப்பை முன்வைத்துத்தான், ஒடுக்குமுறைகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில் நிற்பவர்களைச் சட்டம் பார்ப்பதில்லை என்று எழுதினார். அவருடைய கட்டுரை நம் ஊருக்கு வருவதற்கு முன்பே இங்கே பெண்கள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சென்னையில் பிறந்த ரூத் மனோரமா 1995இல் தலித் பெண்களுக்கென்று தேசியக் கூட்டமைப்பைத் தொடங்கியதும் இதே காரணத்துக்காகத்தான். பெண்கள் இயக்கம் சாதியை விட்டுவிட்டது, தலித் இயக்கம் பெண்ணை விட்டுவிட்டது.

நம் உச்ச நீதிமன்றமும் இதைப் பேசியிருக்கிறது. 2021 ஏப்ரல் 27ஆம் தேதி வந்த பட்டன் ஜமால் வலி வழக்கின் தீர்ப்பு. ஆந்திரத்தில் பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளான வழக்கு. சாதி, பாலினம், மாற்றுத்திறன் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று நீதிபதி சந்திரசூட் விரிவாக எழுதினார். குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை உறுதியானது. ஆனால் அதே தீர்ப்பில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனை ரத்தானது. சாதிக்காகத்தான் செய்தார் என்பதற்குத் தனி ஆதாரம் இல்லை என்பது காரணம். குற்றம் நடந்தபோது இருந்த சட்ட வாசகம் அதைக் கேட்டது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது. பட்டியல் சாதிப் பெண்ணிடம் பாலியல் நோக்கத்தோடு பேசுவதும் சைகை செய்வதும் தொடுவதும் இப்போது அந்தச் சட்டத்தின்படியே குற்றம். நாட்டின் சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கத் தொடங்கிவிட்டது. கல்லூரியின் புகார்க் குழுக்கள் இன்னும் தொடங்கவில்லை.

குழுவில் பெண்கள் இருந்தால் போதும் என்றும் நினைத்துவிட வேண்டாம். மும்பையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவம் படித்த பாயல் தட்வி, 2019 மே 22ஆம் தேதி உயிரை மாய்த்துக்கொண்டார். பழங்குடிச் சமூகத்தில் பிறந்து மருத்துவரானவர். அவரைச் சாதி சொல்லித் துன்புறுத்தியதாக வழக்குத் தொடுக்கப்பட்டது மூத்த பெண் மருத்துவர்கள் மூவர் மீது. பாயலின் தாய் ஆபிதா தட்வியும், ஹைதராபாத்தில் 2016இல் இறந்த ரோஹித் வெமுலாவின் தாய் ராதிகா வெமுலாவும் சேர்ந்து 2019இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். கல்லூரிகளில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க இருக்கும் விதிகளை ஒழுங்காகச் செயல்படுத்துங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. பிள்ளைகளை இழந்த இரண்டு தாய்மார்கள், ஏற்கெனவே எழுதி வைத்த விதியை நடத்திக் காட்டச் சொல்லி நீதிமன்ற வாசலில் நின்றார்கள். இந்த நாட்டின் பேராசிரியர்களில் ஒருத்தி என்ற முறையில் எனக்கு இதைவிட வெட்கமான செய்தி வேறில்லை.

2021ஆம் ஆண்டைப் பற்றி இன்னும் ஒன்று. ஏப்ரலில் பட்டன் ஜமால் வலி தீர்ப்பு. அக்டோபரில் தீபா மோகனனின் பட்டினி. நடுவில் ஆகஸ்ட் மாதம், டெல்லிப் பல்கலைக்கழக ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவின் ‘சங்கதி’யையும் கவிஞர் சுகிர்தராணியின் கவிதைகளையும் நீக்கினார்கள். மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ கதையும் அதோடு போனது. ஒரு தலித் மாணவி அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால், தன்னைப் போன்ற ஒருத்தியின் குரல் பாடமாக இருப்பதைக் கேட்டிருப்பாள். தன் அனுபவம் அறிவாகக் கருதப்படுகிறது என்று அறிந்திருப்பாள். அவளோடு படிக்கும் மற்றவர்களும் அதைத் தேர்வுக்காகவாவது படித்திருப்பார்கள். பாடத்திட்டமும் ஓர் இருக்கைதான். நம் பள்ளத்தாக்குக் கல்லூரிகளின் தமிழ்த் துறைத் தலைவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் புதுப்பட்டிக்காரரின் புத்தகம் மேசைக்கு வரட்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை மத்திய, மாநில அரசுகளின் பங்கை 60க்கு 40 என்று மாற்றியது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் கல்லூரி ஜூனில் தொடங்கும். பணம் எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. அந்த இடைவெளியில் தேர்வுக் கட்டணம், ஆய்வக உடை, பதிவேடு, பஸ், மாதவிடாய்ச் செலவு எல்லாம் வந்துவிடும். ஆண் பிள்ளை விடுமுறையில் கடையில் நின்று சம்பாதித்துக்கொள்வான். பெண்ணுக்கு அம்மாவின் கூலிதான், அல்லது கடன். கடன் கொடுத்தவர் வீட்டில் கேட்கத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று இங்கே இருக்கிற பெண்களுக்குத் தெரியும்.

செய்ய வேண்டியவை என்று எனக்குப் படுபவற்றைச் சொல்லிவிடுகிறேன். புகார்க் குழு இரண்டும் ஒன்றாக உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரு புகார், ஒரே விசாரணை, குழுவில் வெளியிலிருந்து ஒரு தலித் பெண் உறுப்பினர். இதற்கு மேலிடத்து ஆணை வேண்டியதில்லை, கல்லூரிக் குழுவின் ஒரு தீர்மானம் போதும். செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணும் அக மதிப்பெண்ணும் எப்படிப் போடப்பட்டன என்று மாணவி கேட்டால் காட்ட வேண்டும். நெறியாளரை மாற்ற ஆராய்ச்சி மாணவி விண்ணப்பித்தால், பழைய நெறியாளரின் இசைவுக் கடிதம் இல்லாமலே துறை முடிவெடுக்க வேண்டும். இன்றைக்கு யார் மீது புகாரோ அவரிடமே போய்க் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறோம். உதவித்தொகைச் செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போக வேண்டும், வாட்ஸ்அப் குழுவில் அல்ல. 2025 ஜூலையில் அரசு மாணவர் விடுதிகள் எல்லாவற்றுக்கும் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். வரவேற்கிறேன். பெயர்ப் பலகையோடு கழிப்பறைக் கதவும், இரவு ஒன்பது மணிக்கு எரிகிற விளக்கும், பெண் வார்டன் அங்கேயே தங்குவதும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர் நிற்கும்.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு, பொன்னாடை, அச்சுப் புத்தகம் என்று செலவு செய்கிறீர்கள். எனக்குப் பொன்னாடை வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன், மதித்தீர்கள், நன்றி. மூலதனத்தின் வட்டியில் ஒரு பகுதியைச் சுழல் நிதியாக வையுங்கள். ஜூனில் கேட்கிற பெண்ணுக்குக் கைமாற்றாகக் கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். யார் வாங்கினார்கள் என்ற பட்டியல் வெளியே போகக் கூடாது. அடுத்த ஆண்டு இந்த மேடையில் என்னைப் போல் ஓய்வு பெற்றவரை அழைக்காமல், இப்போது ஆய்வு செய்துகொண்டிருக்கும் ஒரு மாணவியை அழையுங்கள். ஆய்வகத்தில் இன்றைக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும்.

மலைக்குத் திரும்ப வேண்டிய பிள்ளைகள் சிலர் இங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய பேருந்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருக்கிறது. பேராசிரியர்கள் கருத்துரை சொல்ல எழுதிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். நாம் பிறகு பேசிக்கொள்ளலாம். முதல் கேள்விகள் அந்தப் பெண்களுடையதாக இருக்கட்டும். ஒலிபெருக்கியை அந்தப் பக்கம் கொடுங்கள்.